கம்பி போகும் வழி

அறந்தாங்கியில் விமான நிலையம் கிடையாது. விமானம் பார்க்க வேண்டுமானால் திருச்சிக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் மொட்டை மாடியில் மல்லாந்து படுத்துக் காத்திருக்க வேண்டும். இப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு, வீட்டிலேயே விமானம் கட்டுகிறவர்களைப் பற்றி எழுத உமக்கு என்ன யோக்கியதை என்று நீங்கள் கேட்கலாம். ஒரே ஒரு யோக்கியதைதான் உண்டு. பதினாலாவது வயதில் நான் ஒரு சைக்கிளுக்குப் பிரேக் கம்பி போட்டிருக்கிறேன்.

கடையில் கொடுத்தால் கூலி கேட்பார்கள். நாமே போட்டால் என்ன என்று தோன்றிற்று. கம்பியின் உறை கொஞ்சம் நீளமாக இருந்தது. வெட்டச் சோம்பல். ஹாண்டில்பாருக்குக் கீழே சுருக்கென்று மடித்துச் சணலால் கட்டிவிட்டேன். பிடியை அழுத்தினேன், சக்கரம் நின்றது. நானே செய்தேன், நானே பார்த்தேன், நானே 'பேஷ்' என்றும் சொல்லிக்கொண்டேன்.

மூன்றாவது மாதம் என் தம்பி அந்தச் சைக்கிளில் கண்மாய்க் கரையிலிருந்து இறங்கினான். மடித்த இடத்தில், உறைக்குள்ளே, யாருக்கும் தெரியாமல் இழை இழையாக அறுந்துகொண்டிருந்த கம்பி அன்றைக்குத்தான் மொத்தமாக விட்டது. கருவேல முள்ளுக்குள் போய் விழுந்தான். இடது முழங்கை முறிந்தது. இன்றைக்கும் அந்தக் கை முழுதாக நீளாது. அப்பா என்னை அடிக்கவில்லை. அடித்திருக்கலாம்.

அந்தத் தம்பியின் மகன்தான் இப்போது சென்னையில் விமானப் பொறியியல் படிக்கிறான். விடுமுறைக்கு வந்தால் தானே விமானம் கட்டியவர்களின் கதைகளாகச் சொல்லுவான். மும்பை காந்திவலியில் அமோல் யாதவ் என்ற விமானி, தம் குடும்பம் வசித்த கட்டடத்தின் மொட்டை மாடியிலேயே ஆறு பேர் உட்காரும் விமானம் ஒன்றைக் கட்டினார். 2016-ல் அதைக் கிரேன் வைத்துக் கீழே இறக்கிக் கண்காட்சிக்குக் கொண்டுபோனார்கள். அரசாங்கப் பதிவு 2017-ல் கிடைத்தது. ஆலப்புழைக்காரரான அசோக் தாமராட்சன் இங்கிலாந்தில் இருப்பவர். தென்னாப்பிரிக்காவிலிருந்து பாகங்களை வரவழைத்து, கொரோனா ஊரடங்குக் காலத்தில் நாலு பேர் போகும் ஸ்லிங் விமானத்தைப் பூட்டி முடித்தார். 2022-ல் அதில் ஐரோப்பாவைச் சுற்றியும் வந்தார்.

"இதிலே எதுடா கஷ்டம்? சிறகா, எஞ்சினா?" என்று கேட்டேன்.

"ரெண்டும் இல்லே பெரியப்பா. கம்பியைக் கொண்டுபோறதுதான்" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. அவன் அறியாமல் சொன்னான்.

சில விமானங்களில் தண்டுகள் இருக்கும். பலவற்றில் எஃகுக் கயிறுதான். விமானியின் கைப்பிடிக்கும் காலடிக்கும், வாலிலும் சிறகிலும் ஆடுகிற பலகைகளுக்கும் நடுவே அதுதான் ஓடுகிறது. கனம் எட்டில் ஒரு அங்குலம். ஏழு புரி, புரிக்குப் பத்தொன்பது இழை, ஆக 133 இழைகள். அந்தக் கயிறு நேராகப் போக வேண்டும். திரும்புகிற இடத்தில் போதிய அகலமுள்ள கப்பி வேண்டும். கப்பி சிறுத்தால் இழைகள் மடங்கி மடங்கி அறும். கப்பி கயிற்றுக்கு நேராக நிற்க வேண்டும். கயிறு தளர்ந்தால் கப்பியை விட்டுத் தாண்டாதபடி தடுப்பும் வேண்டும். முறுக்கி இறுக்கும் திருகைச் சன்னக் கம்பியால் பூட்ட வேண்டும், அதிர்ச்சியில் தானாகக் கழலாதபடி. வெயிலில் அலுமினிய உடல் எஃகைவிட அதிகம் நீளும், கயிறு விறைக்கும், குளிரில் தொய்யும். அதனால் அன்றைய வெப்பத்தைப் பார்த்துத்தான் இறுக்கம் வைப்பார்களாம். பிறகு கயிறு நெடுகத் துணியால் தடவுவார்கள். அறுந்த இழை இருந்தால் துணியைப் பிடித்து இழுக்கும்.

காற்று விடும் துவாரமும் அற்பமான சங்கதி அல்ல. வெயிலில் நிற்கிற சிறு விமானம் ஓர் அடுப்பு. துவாரம் வைத்தால் மட்டும் காற்று வந்துவிடாது. வந்த காற்று வெளியேறவும் வழி வேண்டும். செட்டிநாட்டு வீடுகளில் முன்வாசலுக்கு நேரே பின்வாசலும் நடுவில் முற்றமும் வைத்தவர்களுக்கு இது தெரிந்திருந்தது. எஞ்சின் புகை வருகிற பக்கத்திலும் துவாரம் வைக்கக் கூடாது. இதிலும் கம்பி வந்து சேர்கிறது, பாருங்கள். எஞ்சினுக்குப் போகும் கம்பிக்காகத் தடுப்புத் தகட்டில் துளை போடுகிறோம். அதைச் சரியாக அடைக்காவிட்டால் அதுவே விஷப்புகைக்கு வாசல். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. விமானிக்குத் தூக்கம்தான் வரும். பெட்ரோல் தொட்டிக்கும் ஒரு மூச்சுக்குழாய் உண்டு. அதில் குளவி மண்கூடு கட்டிவிட்டால், எண்ணெய் குறையக் குறைய உள்ளே வெற்றிடமாகி, எஞ்சினுக்கு எண்ணெய் இறங்காமல் போகும். நம் வீட்டுச் சாவித் துவாரத்தில் கூடு கட்டுகிற அதே குளவி!

"எல்லாத்தையும் கட்டினவரே பார்த்துக்குவாரா?" என்றேன்.

"அங்கேதான் ஆபத்து. கட்டினவர் கண்ணுக்குத் தப்புத் தெரியாது. இங்கிலாந்திலே கட்டம் கட்டமா இன்னொருத்தர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடணும்" என்று சொல்லி ஒரு சம்பவமும் சொன்னான். 2018 நவம்பர் 11. போர்ச்சுகலில் பராமரிப்பு முடிந்து கிளம்பிய ஒரு பெரிய ஜெட் விமானத்தில் சிறகுப் பலகைகளின் கயிறுகள் இடம் மாறியிருந்தன. இடப்பக்கம் திருப்பினால் வலப்பக்கம் சாய்ந்தது. உள்ளே ஆறு பேர். ஒன்றரை மணி நேரம் மேகத்துக்குள் புரண்டு தவித்து, கடைசியில் பேஜா என்ற இடத்தில் உயிரோடு இறங்கினார்கள். தொழில் தெரிந்தவர்கள் கூடிச் செய்த வேலை அது. சணலும் பதினாலு வயதும் எம்மாத்திரம்!

மறுநாள் காலையில் பையன் வாசலில் அவன் அப்பாவின் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, புதுப் பிரேக் கம்பி மாட்டிக்கொண்டிருந்தான். வேலை முடிந்ததும் என்னைக் கூப்பிட்டான்.

"பெரியப்பா, நீங்க ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க."

கையில் எடுத்த காபியை வைத்துவிட்டு எழுந்து போனேன். தோளிலிருந்த துண்டை எடுத்து, வெளியே தெரிகிற கம்பியைத் தடவினேன். உறை வளைகிற இடத்தை விரலால் தொடர்ந்து போனேன். எங்கும் மடிப்பு இல்லை. பிடியை அழுத்தினேன்.

தம்பி திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். அந்த இடது கை மடியில் கிடந்தது.

"என்ன அண்ணே, பார்த்தாச்சா?" என்றான்.

"இரு, இன்னொரு தடவை பார்த்துவிடுகிறேன்" என்றேன்.