கதவோரம் அந்தச் செடியை நட்டவருக்கு

எங்கள் வீட்டில் எங்களுக்கு முன் வாழ்ந்தவருக்கு,

உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. வீடு உங்களிடமிருந்து இன்னொருவர் கைக்குப் போய், பிறகுதான் எங்களிடம் வந்தது. லண்டனின் வடமேற்கு ஓரத்து இந்த வீட்டில், வாசற்கதவுக்கு இரண்டு எட்டு தள்ளி நீங்கள் வைத்த குளிர்கால ஹனிசக்கிளுக்காக எழுதுகிறேன். அனுப்ப முகவரி இல்லாததால் எல்லோரும் படிக்கும் இடத்தில் எழுதுகிறேன்.

ஹனிசக்கிள் என்றால் இங்கே பலருக்கும் நினைவுக்கு வருவது வேலியில் சுற்றி ஏறும் கொடி. கோடையில் பூத்து, அந்தியில் மணந்து, விட்டில்களை அழைக்கும். நீங்கள் தேர்ந்தெடுத்தது அதே குலத்தில் கொடியாகாத ஒரு புதர். ஆளுயரம் வளர்கிறது, அதைவிட அகலமாகப் பரவுகிறது. கோடையில் அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மார்கழி, தை வந்ததும் இலை பெரும்பாலும் உதிர்ந்த குச்சிகளில் கணுவுக்குக் கணு இரட்டை இரட்டையாகப் பால்வெள்ளைப் பூக்கள். நாலு மணிக்கு முன்பே பொழுது சாயும் டிசம்பரில், வேலை முடிந்து இருட்டில் வீடு திரும்புகிறவருக்குப் பூ தெரியாது, மணம் தெரியும். இதையே கொல்லைக் கோடியில் நட்டிருந்தால் அந்தக் குளிரில் யார் போய் முகர்ந்து பார்ப்பார்கள்? வீட்டுக்குள் நுழையும் ஒவ்வொருவரையும் மனத்தில் வைத்து இடம் பார்த்திருக்கிறீர்கள். தோட்டக்கலையில் பாதி இந்த இடம் பார்ப்பதுதான் என்பது என் எண்ணம்.

இது சீனத்துச் செடி. லண்டன் தோட்டக்கலைச் சங்கம் 1843இல் சீனாவுக்கு அனுப்பிய ராபர்ட் ஃபார்ச்சூன் 1845இல் இதை இங்கிலாந்தில் சேர்ப்பித்தார். அதே பயணத்தில்தான் குளிர்கால மல்லிகையும் வந்தது. எங்கள் தெருவில் அது நிறைய உண்டு. மஞ்சளாக, அழகாகப் பூக்கும், ஆனால் மணம் கிடையாது. மல்லிகை வாசத்தோடு வளர்ந்த எனக்கு அந்தக் குறையைத் தீர்த்தது உங்கள் புதர்தான். ஃபார்ச்சூன் கொண்டுவந்தவற்றில் பல, சீனத் தோட்டங்களிலும் நாற்றுப்பண்ணைகளிலும் ஏற்கெனவே பேணி வளர்க்கப்பட்டவை. பெயர் பதிவாகாத அந்தத் தோட்டக்காரர்களுக்கும் என் நன்றியில் பங்கு உண்டு.

செடியின் பூவைவிட அதிகமாக எனக்குக் கற்றுக்கொடுத்தது அதன் தூர். வந்த புதிதில் குனிந்து பார்த்தபோது, தரையை ஒட்டிப் பழைய வெட்டுத் தழும்புகள் இருந்தன. எல்லாம் தடித்த கிளைகளின் அடி. மேலே எங்கும் கத்தரித்து உருண்டையாக்கிய அடையாளம் இல்லை. ஆண்டுதோறும் மிக முதிர்ந்த கிளைகளில் ஒன்றிரண்டை மட்டும் அடியோடு எடுத்து, புதுப்போத்துக்கு வழிவிட்டிருக்கிறீர்கள். இந்த ஊரில் பலர் இலையுதிர்காலத்தில் இயந்திரக் கத்தரியால் புதரை மழித்துவிடுகிறார்கள். முந்தைய ஆண்டு வளர்ந்த கிளையில்தான் இது பூக்கும். இலையுதிர்காலத்தில் வெட்டினால் வரப்போகும் பூவெல்லாம் குப்பைக்குப் போகும். பூத்து ஓய்ந்ததும், மார்ச் கடைசி வாக்கில் கவாத்து செய்தால் அடுத்த குளிர்காலத்துக்குள் புதுக்கிளை முற்றிவிடும். உங்கள் தழும்புகளைப் பார்த்துப் பார்த்தே நானும் வெட்டுகிறேன்.

மற்றபடி அது கேட்பது கொஞ்சம். வசந்தத்தில் தூரைச் சுற்றி இலைமக்கு மூடாக்கு, மழை பொய்த்த கோடையில் வேருக்குத் தண்ணீர். வேர் காய்ந்துபோனால் இலையில் சாம்பல் நோய் படரும். இளந்தளிரில் அசுவினி வந்தால் நான் மருந்து அடிப்பதில்லை. பொறிவண்டுகள் வந்து பார்த்துக்கொள்ளும். கோடைத் தொடக்கத்தில் சிவக்கும் கனிகளைப் பறவைகள் தின்னலாம், பிள்ளைகள் தின்னக் கூடாது. எங்கள் வீட்டுச் சிறுவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது அதைத்தான்.

வெயில் எட்டிப் பார்க்கும் ஜனவரி நண்பகலில் பம்பிள்பீ எனும் மயிரடர்ந்த பெரிய தேனீ இங்கே வருகிறது. வீட்டுத் தேனீக்கள் கூட்டைவிட்டு வராத குளிரிலும் அது பறக்கும். தென் இங்கிலாந்தில் அவற்றுள் ஓர் இனம் குளிர்காலத்திலும் உறங்காமல் இரை தேடுகிறது. அந்த மாதத்தில் அதற்கு வேறெங்கே தேன் கிடைக்கும்? நன்றி சொல்லத் தெரிந்திருந்தால் அதுவும் உங்களுக்குச் சொல்லும்.

ஒன்றை மட்டும் இதைப் படிக்கும் அமெரிக்க உறவுகளுக்குச் சொல்லவேண்டும். உங்கள் நாட்டின் பல பகுதிகளில் ஆசியப் புதர் ஹனிசக்கிள்கள் காட்டுக்குள் பரவி, அங்குள்ள சொந்தச் செடிகளை நெருக்குகின்றன. அங்கே இதை நடாதீர்கள்.

செடியை நட்ட உங்களைப் பற்றி எதிர்வீட்டு அம்மா சொன்னார். பேருந்துக்குப் போகிறவர்கள் நின்று கேட்டால் பூத்த கிளை ஒன்றை வெட்டிக் கொடுப்பீர்களாம். தண்ணீரில் வைத்தால் அறை முழுக்க மணக்கும் என்பீர்களாம். அந்த வழக்கத்தை நாங்கள் விடவில்லை. கார்த்திகையில் பென்சில் தடிமனில் முற்றிய குச்சிகளை வெட்டி மண்ணில் மூன்றில் இரண்டு பங்கு புதைத்து வைக்கிறோம். அடுத்த இலையுதிர்காலத்தில் வேர்விட்டு நிற்கும், கேட்பவருக்குக் கொடுக்கிறோம். நீங்கள் இப்போது இருக்கும் இடத்தில் இந்தச் செடி இல்லையென்றால், நீங்களோ உங்கள் பிள்ளைகளோ எப்போது வேண்டுமானாலும் கதவைத் தட்டலாம். உங்களுக்கென்று ஒரு தொட்டியில் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.


இப்போது உங்கள் வீட்டில் வாழ்பவர்