பீமனா, நகுலனா?

டெட்ராய்ட்டின் வடக்கு எல்லையைத் தாண்டிய உட்வர்ட் அவென்யூவில், 2019 ஆகஸ்ட் 17 சனிக்கிழமை பிற்பகல், 460 குதிரைசக்தி கொண்ட ஒரு கார் நடந்துகொண்டிருந்தது. ஓடவில்லை, நடந்துகொண்டிருந்தது. நடைபாதையில் ஐஸ்கிரீமோடு போன ஒரு சிறுவன் எங்களை இரண்டு முறை முந்திவிட்டான்.

கார், ஃபோர்டு மஸ்டாங் ஜிடி. ஓட்டியவன் என் கோயமுத்தூர்ப் பள்ளித் தோழன். பக்கத்து இருக்கையில் அவனுடைய அப்பா. பின் இருக்கையில், முழங்கால் மோவாயைத் தொட, நான். பின் இருக்கை என்ற ஒன்று இருப்பதாக நிரூபிப்பதற்காக மட்டுமே வைக்கப்பட்ட இருக்கை அது.

முன்னும் பின்னும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை பழைய கார்கள். ஆண்டுதோறும் ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமை நடக்கும் 'உட்வர்ட் ட்ரீம் குரூஸ்' இது. ஃபெர்ண்டேல் என்ற சிற்றூரின் பிளம்பர் ஒருவர், குழந்தைகளுக்கான கால்பந்து மைதானத்துக்கு நிதி திரட்ட 1995ல் தொடங்கிவைத்தது. இன்று அது கார்களின் தேர்த்திருவிழா. சாலையோரம் மடக்கு நாற்காலி போட்டு ஜனங்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். தேர் நகர்வதைப் பார்ப்பதுதான் விசேஷம். வேகம் யாருக்கும் பொருட்டில்லை.

நண்பனுக்கு மட்டும் பொருட்டு இருந்தது. அவன் அங்கே பிரேக் பொறியாளர். வீட்டில் இரண்டு கார்கள் உண்டு. ஒன்று அவன் வேலைக்குப் போக, மற்றொன்று அவன் மனைவி பிள்ளைகளையும் மளிகையையும் ஏற்றிவர. மூன்றாவதாக ஒன்று வேண்டும். எங்கும் போவதற்கல்ல, ஓட்டுவதற்கு. மஸ்டாங் ஜிடியா, அமெரிக்கர்கள் மியாட்டா என்று அழைக்கும் மாஸ்டா எம்எக்ஸ்-5ஆ என்று ஆறு மாதமாக அலைபாய்ந்துகொண்டிருந்தான். "எதையாவது வாங்குங்க, இந்தப் பேச்சை மட்டும் நிறுத்துங்க" என்று மனைவி சொல்லிவிட்டார். கடைசியில் இரண்டையும் ஒவ்வொரு நாள் வாடகைக்கு எடுத்து, தீர்ப்பை அப்பாவிடம் விட்டுவிட்டான்.

அப்பாவுக்கு அதற்கான தகுதி இருந்தது. கோவையில் ஒரு மில் முதலாளிக்கு 31 வருடம் கார் ஓட்டியவர். அப்போது வயது 74. தன் பெயரில் ஒரு காரும் வைத்துக்கொண்டதில்லை. மகனைப் பார்க்க ஆறு மாதம் வந்திருந்தார். மொழிபெயர்ப்பு வேலையாக ஆன் ஆர்பருக்கு வந்திருந்த நான் சாட்சியாகச் சேர்ந்துகொண்டேன்.

தொழில் புத்தி போகாதே. 'மஸில் கார்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'தசைக் கார்' என்றால் கசாப்புக் கடை ஞாபகம் வருகிறது. 'புஜபல வாகனம்' என்றால் நாடக மேடை. கடைசியில் மஸ்டாங்குக்கு பீமன் என்றும், மியாட்டாவுக்கு, விராட நாட்டில் குதிரைகளைப் பராமரித்தவன் நினைவாக, நகுலன் என்றும் பெயர் வைத்தேன். அப்பாவுக்குப் பிடித்துப்போனது. அன்று முழுக்க அவர் பேச்சில் வேறு பெயர் இல்லை.

பீமர்கள் பிறந்த கதை இந்தச் சாலையில்தான் இருக்கிறது. 1963வாக்கில் பான்டியாக் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியனும் அவர் சகாக்களும் ஒரு குறும்பு செய்தார்கள். நடுத்தர அளவு காரில் இவ்வளவு பெரிய எஞ்சினுக்கு மேல் வைக்கக்கூடாது என்பது தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸின் விதி. தனி மாடலாக இல்லாமல், சுமார் 300 டாலர் கூடுதல் விலையில் ஒரு 'விருப்பத் தேர்வாக' 6.4 லிட்டர் வி-8 எஞ்சினை உள்ளே நுழைத்தார்கள். 1964 ஜிடிஓ வந்தது. முதல் வருடமே 32,000க்கு மேல் விற்றது. அந்த ஏப்ரலில் ஃபோர்டு தன் மஸ்டாங்கை நியூயார்க் உலகக் கண்காட்சியில் அறிமுகம் செய்தது.

அந்தக் கார்களை ஓட்டிப் பார்க்க உட்வர்டைவிடப் பொருத்தமான சாலை கிடையாது. டெட்ராய்ட் நதிக்கரையில் தொடங்கி பான்டியாக் ஊர் வரை, ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி போகிறது. அமெரிக்காவில் முதன்முதலாக கான்கிரீட் போடப்பட்ட ஒரு மைல் நெடுஞ்சாலை, 1909ல், இதன் மீதுதான் அமைந்தது. நடுவே அகலமான புல்தரை. இடதுபுறம் போக வேண்டுமென்றால் சந்திப்பைத் தாண்டிப் போய், புல்தரை இடைவெளியில் யு-டர்ன் அடித்துத் திரும்ப வேண்டும். 60களின் இளைஞர்களுக்கு இது வசதியாகப் போயிற்று. ஒரு சிக்னலிலிருந்து அடுத்த சிக்னல் வரை பந்தயம்; யு-டர்ன்; மறுபடி பந்தயம். வளைவு இல்லாத ஊரில் ஸ்டியரிங்குக்கு என்ன வேலை? வலது கால் போதும். சாலை எப்படியோ கார் அப்படி.

காலையில் இதே சாலையில்தான் ஹைலேண்ட் பார்க் வழியாக வந்தோம். 1913ல் ஹென்றி ஃபோர்டு நகரும் அசெம்பிளி லைனை ஓடவிட்ட தொழிற்சாலையின் கட்டடங்கள் அங்கே இன்னும் நிற்கின்றன. மறுவருடம் ஒரு நாளைக்கு ஐந்து டாலர் கூலி என்று அறிவித்து உலகத்தை அசத்தியதும் அங்கேதான். அதே ஹைலேண்ட் பார்க்கில் மின்கட்டணம் கட்டப் பணம் இல்லாமல் 2011ல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தெருவிளக்குகள் பிடுங்கி எடுக்கப்பட்டன. அருகிலுள்ள டெட்ராய்ட் மாநகராட்சியே 2013ல் திவால் மனு கொடுத்தது. பீமர்களின் பொற்காலம் பத்து வருடம்கூட நீடிக்கவில்லை. காப்பீட்டுக் கட்டணம், 1970ன் தூய காற்றுச் சட்டம், 1973ன் எண்ணெய் நெருக்கடி என்று மூன்று கதாயுதங்கள் தொடையில் விழுந்தன. எஞ்சியவர்களில் ஒருவன்தான் மஸ்டாங்.

நண்பன் தன் பட்டியலை வாசித்தான். மஸ்டாங்: எடை சுமார் 1,680 கிலோ, ஐந்து லிட்டர் வி-8. மியாட்டா: எடை 1,060 கிலோ, இரண்டு லிட்டர், 181 குதிரைசக்தி. நகருக்குள் ஒரு காலன் பெட்ரோலுக்கு முன்னது 15 மைல், பின்னது 26. முன்னதன் விலை ஏறக்குறைய பத்தாயிரம் டாலர் அதிகம். "ஆனா அதுல நாலு பேர் போகலாம், ரெண்டு பெட்டி வைக்கலாம். மியாட்டாவுல ரெண்டே சீட்டு. டிக்கியில ஒரு கைப்பெட்டிதான்" என்றான். பிறகு பிரேக் பொறியாளனாக ஒன்றைச் சேர்த்தான்: ஒரே வேகத்தில் வரும் இரண்டு கார்களை நிறுத்தும்போது, மஸ்டாங்கின் பிரேக் சுமார் 60 சதவீதம் அதிக சூட்டை விழுங்க வேண்டும். எடை என்பது ஒரு முறை கட்டும் விலையல்ல. ஒவ்வொரு வளைவிலும், ஒவ்வொரு நிறுத்தத்திலும் கட்டும் வட்டி.

மஸ்டாங்கின் எக்சாஸ்ட் சத்தத்துக்கு நண்பன் அடிமை. அதற்கும் ஒரு கடிவாளம் உண்டு. அதிகாலையில் அக்கம்பக்கத்தார் தூக்கம் கெடாமல் சத்தமில்லாமல் கிளம்ப, 2018 மாடலிலிருந்து ஓர் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். எனக்கு அகநானூற்றுத் தலைவன் ஞாபகம் வந்தான். பூவில் தேன் உண்ணும் வண்டுகள் மிரளுமே என்று தேர் மணியின் நாவைக் கட்டிவிட்டு வீடு திரும்பியவன். அவன் தேர்மணியைக் கட்டியதற்குக் காரணம் வண்டுகள். ஃபோர்டுக்குக் காரணம் பக்கத்து வீட்டுக்காரர்.

இரண்டு மணி நேரம் கழித்து அப்பா வாய் திறந்தார். "ஏங்கண்ணு, ரெண்டாவது கியருக்கு மேல நீ போகவே இல்லியே?"

"கூட்டம்ப்பா."

"கூட்டம் இல்லாதப்ப?"

நண்பன் யோசித்தான். இந்தச் சாலையில் பல இடங்களில் வேக வரம்பு 45 மைல். மஸ்டாங் நூறு கிலோமீட்டர் வேகத்தை நாலரை வினாடிக்குள் எட்டிவிடும். அதாவது, காலை அழுத்திய இரண்டு மூன்று வினாடிகளில் சட்டம் குறுக்கே வந்துவிடும். "அப்பவும் ரெண்டாவது கியர்தான்" என்று ஒப்புக்கொண்டான்.

அப்பா சிரிக்கவில்லை. 80களில் முதலாளி வாங்கிய காண்டெஸா காரைப் பற்றிச் சொன்னார். பார்வைக்கு அதுதான் இந்தியாவின் பீமன். ஆனால் முதலில் வந்த காண்டெஸாக்களில் இருந்தது அம்பாசடரின் ஒன்றரை லிட்டர் எஞ்சின். "குன்னூர் மலை ஏறுறப்ப ஏ.சி.யை நிறுத்திப்போடுவனுங்க தம்பி. முதலாளி பின்னால வேர்த்து ஊத்த உக்காந்திருப்பாரு. ஆனா கீழ எறங்கினா, ஊரே திரும்பிப் பாக்கும். அதுக்குத்தான் அந்த வண்டி."

ஞாயிற்றுக்கிழமை நகுலன் முறை. ஆன் ஆர்பரிலிருந்து டெக்ஸ்டர் போகும் ஹ்யூரான் ரிவர் டிரைவ், உட்வர்டுக்கு நேர் எதிர். ஆறு திரும்பும் இடமெல்லாம் சாலையும் திரும்புகிறது. இரண்டே தடங்கள், மேலே மரங்கள் கூரை போட்டிருக்கின்றன. வழியில் டெல்லி என்றே ஓர் இடம். எழுத்து நம் தலைநகருடையது. உச்சரிப்பு மட்டும் 'டெல்ஹை'. ஒரு நேரத்தில் ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய இரும்புப் பாலமும், ஆற்றங்கரைப் பூங்காவும் இருக்கின்றன. இரண்டே இருக்கை என்பதால் என்னைப் பூங்காவில் விட்டுவிட்டு அவர்கள் கிளம்பினார்கள்.

இந்தச் சிறிய காரின் பூர்வீகம் பிரிட்டன். கார் வேகமாகப் போக எஞ்சினைப் பெரிதாக்க வேண்டாம், எடையைக் குறைத்தால் போதும் என்பது லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மனின் கொள்கை. அவருடைய 1962 எலான் கார் 700 கிலோகூட இல்லை. அந்த வகை பிரிட்டிஷ் கார்கள் மெல்ல வழக்கொழிந்தன. எம்ஜிபி 1980ல் நின்றது. அதற்கு முந்தைய வருடம், பாப் ஹால் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் மாஸ்டாவின் கெனிச்சி யமமோட்டோவிடம், நீங்களே அப்படி ஒரு கார் செய்யக்கூடாதா என்று கேட்டிருந்தார். பத்து வருடம் கழித்து, 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் கேள்விக்குப் பதில் வந்தது. 2016ல் பத்து லட்சமாவது கார் வெளிவந்தது. மாஸ்டாவின் மந்திரம் 'ஜின்பா இத்தாய்': குதிரையும் ஆளும் ஒன்று.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. டெட்ராய்ட்டுக்குத் தெற்கே ஃபிளாட் ராக் என்ற ஊரில் மாஸ்டா 1987ல் தொடங்கிய தொழிற்சாலையில் பிறகு ஃபோர்டு கூட்டாளியாகச் சேர்ந்தது. மஸ்டாங் உற்பத்தி 2004ல் அங்கே மாறியது. 2012ல் மாஸ்டா விலகிக்கொண்டது. அமெரிக்க பீமன் ஜப்பானியன் கட்டிய வீட்டில் பிறக்கிறான். நகுலன் ஹிரோஷிமாவிலிருந்து கப்பலில் வருகிறான். 'சுதேசிக் கார்' என்று மார்தட்டுகிறவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டிய விஷயம்.

முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பினார்கள். இறங்குவதற்கு அப்பா பட்ட பாட்டைப் பார்த்தேன். தரையோடு ஒட்டிய கார். ஒரு கை கதவின் மேல், ஒரு கை மகன் தோளில். இரண்டு முறை முயன்று மூன்றாவது முறை எழுந்தார். முழங்காலைத் தேய்த்துக்கொண்டே பெஞ்சில் உட்கார்ந்தார்.

"எப்படிங்கப்பா நகுலன்?" என்றேன்.

"சொன்ன பேச்சு கேக்குதுங்க தம்பி. மூணாவது, நாலாவதுன்னு மாத்தி மாத்திப் போட்டான். எங்கயும் வேகமாப் போகல. ஆனா சும்மாவும் இருக்கல." பிறகு மகனைப் பார்த்து, "நான் இனிமே இதுல ஏற மாட்டேன். முட்டி விடாது" என்றார்.

நண்பன் முகம் சுருங்கியது. "அப்ப மஸ்டாங்கே எடுத்துடலாம்ப்பா. நீங்க முன்னால உக்காரலாம். அடுத்த தடவை அம்மாவும் வந்தா பின்னால..."

"எதுக்கு? நான் வந்துட்டுப் போறவன். அம்மா ஏரோப்ளேன் ஏறவே பயப்படறா." சற்று நேரம் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். "முப்பத்தொரு வருசம் பின்சீட்டுக்காரருக்காகவே வண்டி ஓட்டினேன் கண்ணு. அவருக்கு வேகம்னா வேகம், மெதுவுன்னா மெதுவு. அந்த மலையை என் இஷ்டத்துக்கு ஒரு நாள் ஏறணும்னு இருந்துச்சு. ஏறல. நீ வாங்கறதுல பின்சீட்டே வேண்டாம்."

யாரும் பேசவில்லை. ஆற்றில் ரப்பர் குழாய்களில் மிதந்தபடி பிள்ளைகள் போய்க்கொண்டிருந்தார்கள்.

எனக்கும் ஒரு கருத்து உண்டு. நெடுஞ்சாலையில் ஐந்நூறு கிலோமீட்டர் குடும்பத்தோடு போகிறவனுக்கு பீமன்தான் தோழன். நகுலனில் காற்றின் இரைச்சலும் பெட்டிக்கு இடமின்மையும் இரண்டு மணி நேரத்தில் அலுத்துவிடும். ஆனால் கையில் இருக்கும் பலத்தில் கால்வாசியைக்கூடச் செலவழிக்க முடியாத சாலையில் அந்தப் பலம் பார்க்கிறவர்களுக்கு, ஓட்டுகிறவனுக்கு அல்ல. கார் வாங்குகிறவன் முதலில் தன் சாலையைப் பார்க்க வேண்டும். இரண்டாவதாக, யாருக்காக ஓட்டுகிறோம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பட்டியல் போட்ட பொறியாளனுக்குத் தோன்றாத இரண்டாவது கேள்வி, டிரைவருக்குத் தோன்றியது.

நண்பன் செப்டம்பரில் மியாட்டா வாங்கினான். சிவப்பு. அப்பா அதன் முன் தேங்காய் உடைத்தார், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார், சொன்னபடியே ஏறவில்லை. அக்டோபரில் ஊர் திரும்பினார்.

மிச்சிகனில் பனி விழத் தொடங்கினால் சாலையெங்கும் உப்பு தூவுவார்கள். அது இரும்பைத் தின்னும். அதனால் நவம்பர் முதல் கார் உறை போர்த்தி கராஜில் உறங்கும். அந்த டிசம்பரில் கோவையிலிருந்து அப்பா ஃபோன் செய்ததாக நண்பன் சொன்னான். பேத்தியின் படிப்பு, குளிர், மாத்திரை எல்லாம் விசாரித்து முடித்தபின் கடைசியாகக் கேட்டாராம்:

"வண்டி ஒரே எடத்துல நிக்குதா? டயர் சப்பையாயிரும் கண்ணு. வாரம் ஒருக்கா ஒரு முழம் தள்ளி வை."

ஞாயிறுதோறும் காலையில் கராஜுக்குப் போய் காரை ஒரு முழம் முன்னாலும், மறுவாரம் ஒரு முழம் பின்னாலும் தள்ளி வைத்ததாக நண்பன் சொன்னான். 1,060 கிலோதானே, ஒற்றை ஆளாகத் தள்ள முடிந்ததாம்.