காதுக்கு வேலையில்லை

ஜாஸ் இசைத்தட்டும் ஜாஸ் புத்தகமும் தேடிப் பிடித்து விற்றுத்தான் என் வீட்டில் உலை கொதிக்கிறது. ஆனால் வாங்கும்போது ஒரு தட்டைக்கூடப் போட்டுக் கேட்பதில்லை. ரசிகர்கள் முகம் சுளிப்பார்கள். தொழிலில் இருப்பவர்களுக்குப் புரியும்.

நியூ ஜெர்சியில் வீட்டுப் பெரியவர் காலமானால், பிள்ளைகள் சாமான்களை விலைபோட்டு ‘எஸ்டேட் சேல்’ வைப்பார்கள். கூட்டம் ஹாலில் பீங்கானைச் சுற்றி நிற்கும்போது நான் பேஸ்மென்டுக்கு இறங்கிவிடுவேன். வாஷிங் மெஷினுக்குப் பக்கத்து அட்டைப்பெட்டியில் ‘ப்ளூ நோட்’ கம்பெனியின் ஜாஸ் தட்டுகள் இருந்தால் அதிர்ஷ்டம். அதுவும் பாதி இந்த ஊர்ச் சரக்குதான். அந்தக் கம்பெனிக்காக ரூடி வான் கெல்டர் 1959 வரை ஹேக்கன்சாக்கில் பெற்றோர் வீட்டுக் கூடத்தில் ஒலிப்பதிவு செய்தார். தட்டு அடித்தது நார்த் ப்ளெய்ன்ஃபீல்டின் ப்ளாஸ்டிலைட் ஆலை.

உறையை நம்பமாட்டேன். லேபிளையும் பாதிதான். தட்டை விளிம்பில் பிடித்து வெளிச்சத்தில் சாய்த்தால், பாட்டு முடிந்து லேபிள் தொடங்குவதற்குள் இருக்கும் வெற்றிடத்தில் காது மடல் மாதிரி ஒரு பொடிக் கீறல் தெரிய வேண்டும். அது ப்ளாஸ்டிலைட் முத்திரை. 1966 வாக்கில் ப்ளூ நோட், லிபர்ட்டி என்ற இன்னொரு கம்பெனியின் கைக்குப் போனதும் ஆலை மாறியது. மிச்சமிருந்த பழைய லேபிளைப் புதுத் தட்டுகளில் போட்டுத் தீர்த்தார்கள். வான் கெல்டர் வெட்டிய அதே பதிவாக இருந்தாலும், அந்தக் காது இல்லையென்றால் விலை இறங்கிவிடும்.

புத்தகத்திலும் கண்தான். ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடேயின் சுயசரிதை ‘லேடி சிங்ஸ் த ப்ளூஸ்’, டபுள்டே, 1956. உரிமைப் பக்கத்தில் முதல் பதிப்பு என்று இருக்கிறதா, மேலுறை மடிப்பில் விலை இருக்கிறதா என்று பார்ப்பேன். மூலை கத்தரித்திருந்தால் சந்தேகம்தான்: பரிசளித்தவர் விலையை மறைத்தாரா, புத்தகக் கழகப் பிரதி என்பதை விற்றவர் மறைத்தாரா? சிலர் பழைய பத்திரிகைத் துணுக்கை உள்ளே வைத்திருப்பார்கள். அமிலம் ஏறி எதிரெதிர்ப் பக்கங்கள் டீ நிறத்தில் பழுத்துக் கிடக்கும். எனக்கு அது பிடிக்கும். ஆனாலும் பட்டியலில் குறை என்றே எழுதுவேன்.

உறுத்துவது விலைதான். பெட்டிமேல் தட்டுக்கு இரண்டு டாலர் என்று எழுதியிருந்தால், கொடுத்துவிட்டு வாயைத் திறக்காமல் நடையைக் கட்டுவேன். “நீங்களே சொல்லுங்கள்” என்று கேட்டால் மட்டும் விற்கும் விலையில் பாதியைச் சொல்வேன். என் மனைவி இதை ஒப்புவதில்லை. கேட்காதவர்கள் மட்டும் என்ன பாவம் செய்தார்கள் என்பாள். வாங்கி வந்ததைத் துடைத்துக்கொண்டிருப்பேன்.