கீறாமல் காணும் குருதி

நம் உடலின் உள்ளுறுப்புகளில் ஓடும் குருதிக் குழாய்கள் தோலுக்கும் தசைக்கும் அடியில் மறைந்து கிடக்கின்றன. கீறாமல் அவற்றை நேரே காண வேண்டின், கண்மணியின் வழியே விழித்திரையைத்தான் நோக்க வேண்டும். 1851ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தம் கண்நோக்குக் கருவியை உலகுக்கு அறிவித்தார். அதன்பின் மருத்துவர்க்குக் கண், நோயறியும் பலகணியாயிற்று.

பேரா மாநிலத் தோட்டங்களில் வளர்ந்தோர்க்கு இதை விளக்குவது எளிது. இரப்பர் மரத்தின் பாற்குழாய்கள் பட்டைக்குள் உள்ளன. கத்தி ஆழப் பதிந்தால் மரம் புண்படும். மேலோடு சென்றால் மங்கு நிறையாது. காணாத குழாயைக் கைப்பழக்கத்தால் அறிந்தவர்கள் நம் மக்கள்.

சுங்கை சிப்புட்டை அடுத்த தோட்டமொன்றில் பால்வெட்டிய என் பெரியப்பாவும் அத்தகையவரே. தோட்டம் செம்பனைக்கு மாறியபின் ஈப்போ, புந்தோங்கில் மகன் வீட்டோடு வந்து சேர்ந்தார். இனிப்புநீர் அவருக்கு நெடுநாளாக உண்டு. கண்ணைப் படமெடுக்க அழைத்தால், "நாளிதழின் சிற்றெழுத்தையும் வாசிக்கிறேனே ஐயா, எனக்கெதற்குக் கண்படம்?" என்பார்.

இந்நோயின் சூழ்ச்சியே அதுதான். நுண்குழாய்கள் குமிழ்விட்டுக் கசிந்து அடைபடும்போது வலியில்லை. பார்வையும் பெரும்பாலும் குறைவதில்லை. குருதி கிட்டாத விழித்திரை புதுக் குழாய்களை முளைக்கச் செய்யும். வலுவற்ற அவை எளிதில் உடையும். ஒருநாள் காலை பெரியப்பாவின் வலக்கண்ணில் கரும்புகை கவிந்தது. நன்றாகத் தெரிந்த இடக்கண்ணிலும் அதே புதுக் குழாய்கள் முளைத்திருந்தமையைப் படம் காட்டிற்று. லேசர் ஒளியால் சிகிச்சை செய்தனர். இன்று நாளிதழ் வாசிப்பது அந்தக் கண்தான்.

கண்படம் என்றதும் ஊசியை எண்ணி அஞ்சுவோர் உளர். 1961இல் வெளியான முறையில் கைநரம்பில் சாயம் செலுத்துவர், சிலர்க்குக் குமட்டும், தோல் சில மணி நேரம் மஞ்சளிக்கும். 1991இல் ஒளிக்கதிரால் விழித்திரையின் அடுக்குகளைப் படமாக்கும் கருவி பிறந்தது. அதன் வழிவந்த புதுமுறைக்குச் சாயமே வேண்டா. ஒரே இடத்தை ஒளி மீண்டும் மீண்டும் வருடும். அசையாத திசுவினின்று மீளும் ஒளி மாறாது. குருதியணுக்கள் ஓடுமிடத்தில் மாறும். அவ்வேறுபாடே குழாய்களின் படமாகின்றது. எனினும் கசிவை அது காட்டாது. கண் அசைந்தால் படம் சிதையும். ஆதலால் சாயமுறை இன்னும் வழக்கொழியவில்லை.

அரசாங்கச் சுகாதார நிலையங்கள் பலவற்றில் எடுப்பதோ எளிய கண்படம், அதற்கு ஊசியில்லை. 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசியர்களில் வயதுவந்தோருள் 18.3 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு இருந்தது. இந்தியரிடையே அது ஏறத்தாழ மூவரில் ஒருவராக இருந்தது. கருவி இருந்தும் முதியோர் செல்லாமைக்கு அச்சம் மட்டும் காரணமன்று. கண்மணியை விரிக்கச் சொட்டு மருந்து இட்டால் சில மணி நேரம் பார்வை மங்கும். மோட்டார் சைக்கிளில் தனியே திரும்ப இயலாது. பிள்ளைகள் நகரத்தில் பணிபுரிய, பழைய லயங்களில் தனித்திருக்கும் முதியோரை ஒரு பகற்பொழுது அழைத்துச்சென்று அழைத்துவர ஆள் வேண்டும். பெரியப்பாவுக்கு இப்போது பேரன் இருக்கிறான்.