உம்மாவின் இடக்கை



2020 ஜனவரியில் என் உம்மாவுக்குப் பக்கவாதம் கண்டது. இறையருளால் பேச்சுக்குப் பழுதில்லை. இடக்கையும் இடக்காலும் தளர்ந்தன. எங்கள் பகுதியில் தொண்டாற்றும் ஒரு மறுவாழ்வு நிலையத்திலிருந்து இயன்முறைப் பயிற்சியாளரான பெண்மணி ஒருவர் வாரம் மூன்று நாள் வீடு தேடி வந்தார். நோயாளியின் இல்லத்துக்கே சென்று, குடும்பத்தாரையும் பழக்கிப் பணியாற்றும் இம்முறை, 1978-ஆம் ஆண்டின் அல்மா ஆத்தா பிரகடனத்திற்குப் பின் உலக சுகாதார நிறுவனம் வளர்த்தெடுத்ததாகும். ஆனால் நாங்கள் எதைப் பழகினோம்? அவர் உள்ளே நுழைந்ததும் நான் நாளிதழை எடுத்துக்கொண்டு திண்ணைக்குச் சென்றுவிடுவேன்.

மார்ச் 25 முதல் ஊரடங்கு. மத்ரஸா மூடப்பட்டது; அவர் வருகையும் நின்றது. சில நாள்களில், கைப்பேசியில் முகம் பார்த்தே பயிற்சி தருவதாக அவர் தெரிவித்தார். உம்மா மறுத்துவிட்டார். "அந்தப் பக்கம் யார் யார் நின்று பார்க்கிறார்களோ! நான் கையை மடித்துவிட்டு உட்கார மாட்டேன்" என்றார். அவ்வச்சத்தைப் பயிற்சியாளர் சிறிதும் இகழவில்லை. தம் அறையைச் சுற்றிக் காட்டினார், கதவைத் தாழிட்டார், எதையும் பதிவு செய்வதில்லை என வாக்களித்தார். அதன் பிறகே உம்மா இசைந்தார்.

செம்பின் மீது கைப்பேசியைச் சாய்த்து வைத்தோம். மேசையில் துண்டை விரித்து, இரு கைகளாலும் முன்னும் பின்னும் தள்ளுவது முதற் பயிற்சி. நானும் அந்நாள்களில் பிள்ளைகளுக்குக் கைப்பேசியில்தான் ஓதிக்கொடுத்தேன். ஓர் எழுத்து தொண்டையின் எவ்விடத்தில் பிறக்கிறது என்பது அதில் பாதிதான் பிடிபடும். அவருக்கும் அதே இடர். தசையின் இறுக்கம் திரையில் தெரிவதில்லை.

இரண்டாம் வாரம் உம்மா தோள் வலியால் உறங்கவில்லை. பயிற்சியே காரணம் என்று நான் சற்றுக் கடுமையாகவே கூறினேன். அவர் பொறுமையாக, "சார், அம்மாவை நாற்காலியிலிருந்து எப்படி எழுப்புகிறீர்கள்? செய்து காட்டுங்கள்" என்றார். தளர்ந்த கையைப் பற்றி இழுத்தேன். "நிறுத்துங்கள்!" என்றார் உடனே. பிடிப்பிழந்த தோள் மூட்டு அவ்விழுப்பைத் தாங்காதாம். நாள்தோறும் ஐந்து வேளைக்கும் குறையாமல் நான் செய்துவந்தது அதுவே! உம்மா ஒருமுறையும் என்னைக் குறை கூறியதில்லை.

நாற்காலியின் விளிம்புக்கு நகரச் செய்து, பாதங்களைப் பின்னிழுத்து, உடலை முன்சாய்த்து, இடுப்பில் கைகொடுத்து எழுப்பக் கற்றேன். உறங்கும்போது அக்கைக்கடியில் தலையணை வைத்தோம். வலி மெல்லத் தணிந்தது. நோன்புப் பெருநாளன்று என் மனைவியின் தோளைப் பற்றி உம்மா அடுக்களை வரை நடந்தார்.

பல மாதங்கள் கழித்து அப்பெண்மணி முகக்கவசத்துடன் நேரில் வந்தார். உம்மாவின் விரல்களை நெடுநேரம் தடவிப் பார்த்தார். "இங்கே இவ்வளவு இறுக்கம் இருந்திருக்கிறது; கைப்பேசியில் எனக்குத் தெரியவே இல்லை, அம்மா" என்றார். அன்று நான் திண்ணைக்குச் செல்லவில்லை.