குன்றக் கூறல்

2005ஆம் ஆண்டு. சுந்தரபாண்டியபுரத்திலிருந்து எங்கள் தமிழையா தொலைபேசியில் அழைத்தார். "எனக்குக் கைவரவில்லையப்பா. இந்த வயதில் இதெல்லாம் எதற்கு?" என்றார். தம் வகுப்புக் குறிப்புகளையெல்லாம் ஒருங்குறியில் ஏற்றவேண்டுமென்றே கணினி வாங்கியவர், அதை மூடிவைக்கும் முடிவுக்கு வந்திருந்தார்.

நோட்பேடில் தமிழில் எழுத, கீமேன் துணையோடு இயங்கிய இ-கலப்பையை நிறுவும் முறையை ஆறு வரிகளில் எழுதிக் கொடுத்தவர்கள் நாங்கள். தென்காசியிலிருந்து பேருந்தேறிப் போனோம். ஆறு வரிகளையும் பிசகாமல் செய்திருந்தார். ஆயினும் 'தென்காசி' என்று அடித்தால், ஒற்றைக்கொம்பு தகரத்திற்குப் பின்னால் போய் நின்றது.

பிழை எங்களுடையது. விண்டோஸ் எக்ஸ்பியில் முதலில் கண்ட்ரோல் பேனலுக்குள் சென்று, மொழி அமைப்பில் சிக்கலான எழுத்துமுறைகளுக்குரிய கட்டத்தில் குறியிட்டு, குறுந்தகட்டிலிருந்து கோப்புகளை ஏற்றி, கணினியை மீண்டும் தொடங்கவேண்டும். எங்கள் கணினியில் என்றோ செய்து முடித்ததால், அப்படியொரு படி உண்டென்பதே மறந்துபோயிற்று. நன்னூல் கூறும் பத்துக் குற்றங்களில் முதலாவது குன்றக் கூறல். அதை ஐயாவிடமே பாடம் கேட்டிருந்தோம்.

அன்று அவரையே உரக்கப் படிக்கச் சொன்னோம். தயங்கிய இடந்தோறும் ஒரு வரி சேர்த்தோம். பொத்தான்களின் ஆங்கிலப் பெயர்களைத் திரையில் உள்ளபடியே எழுதினோம். ஆறு வரிகள் பதினெட்டாயின.

"மிகைபடக் கூறல் ஆகிவிடாதா ஐயா?" என்றோம்.

"தெரியாதவனுக்கு எதப்பா மிகை?" என்றார்.

பின்வந்த விண்டோஸ்களில் அந்தப் படியே தேவைப்படவில்லை. எங்கள் தாள் இன்று யாருக்கும் உதவாது. ஐயா அடித்து முடித்த குறிப்புகளை எங்கள் மாணவர்கள் படிக்கிறார்கள்.