மேளம் கேட்டால் எழும் குதிரை

ஆபத்தான விலங்கு என்று புகார் வந்தால் அதைக் கொல்லவோ, அடைத்து வைக்கவோ, வேறு வகையில் அப்புறப்படுத்தவோ கோட்டாட்சியர் உத்தரவிடலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 133ஆம் பிரிவு. 2023இல் வந்த புதிய சட்டத்தில் 152. முதலில் வருவது நிபந்தனை உத்தரவுதான்: சொன்ன நாளுக்குள் செய், அல்லது நேரில் வந்து காரணம் சொல். பழைய சட்டம் நடப்பிலிருந்த காலத்தில் அப்படியொரு தாளோடு பவானிப் பக்கத்து ஜமக்காள நெசவாளிப் பெண் ஒருவர் என்னிடம் வந்தார். புகாருக்கு ஆளானது அவருடைய அப்பா விட்டுப்போன நாட்டியக் குதிரை.

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் வாங்கிய மார்வாடிக் குதிரை அது. காதுகள் உள்வளைந்து நுனி தொட்டு நிற்கும். கல்யாண ஊர்வலங்களிலும் கோயில் விசேஷங்களிலும் ஆடி அந்தக் குடும்பத்துக்குச் சோறு போட்டது. அப்பா இறந்தபின் ஆட்டுவதற்கு ஆளில்லாமல் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நின்றது. கடித்தது, உதைத்தது, தலையில் கைவைக்க விடவில்லை. ஒருநாள் தெருவில் சாமி ஊர்வலம் போனபோது கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி, மேளத்துக்கு எதிரே பின்னங்காலில் எழுந்து நின்றது. பயந்து விலகிய ஒரு பையனுக்கு விழுந்ததில் கை முறிந்தது.

விற்றுவிடலாமே என்றேன். “வித்தா வண்டியில கட்டிருவாங்க வக்கீலய்யா. அதுக்கு வண்டி பழக்கமில்லீங்க, அடிச்சே கொன்னுருவாங்க” என்றார்.

மேளம் கேட்டதும் எழுந்து நிற்கத்தான் அதைப் பழக்கினார்கள். அப்படி நின்றதற்குத்தான் ஊர் பணம் கொடுத்தது. அன்று கைதட்டிய செயலை இன்று குற்றமாக்குவது முறையா என்று வாதாட எனக்கு ஆசைதான். ஆனால் இந்தப் பிரிவு யார் மேல் தப்பு என்று கேட்பதில்லை, நாளைக்கு இன்னொரு பையன் விழுவானா என்றுதான் கேட்கிறது. அது சரியான கேள்வி என்பதைப் பையனின் தகப்பனார் கண்ணைப் பார்த்தபோது என்னால் மறுக்க முடியவில்லை.

ஆகவே, நேரில் பார்வையிடவும் நிபுணர் கருத்தைக் கேட்கவும் அதே அத்தியாயம் தரும் வழியைக் கேட்டு மனுப் போட்டேன். கால்நடை மருத்துவர் முதலில் வாயைத்தான் பார்த்தார். குதிரையின் பல் நெடுங்காலம் மேலெழுந்துகொண்டே இருக்கும். அரத்தால் ராவிவிடாவிட்டால் கடைவாய்ப் பல்லின் ஓரம் கூராகிவிடும். இந்தக் குதிரைக்குக் கன்னத்தின் உட்புறம் முழுக்கப் புண். கடிவாளம் பட்டாலே உயிர்போகும் வலி, தலையை எப்படித் தொடவிடும்? அதோடு, ஆடிய காலத்தில் அப்பா போட்ட அளவு குறையக்கூடாதென்று அந்தப் பெண் தன் வயிற்றைக் கட்டிக் கொள்ளு போட்டிருந்தார். தின்ற தீனி செலவாக நடையில்லை. துணைக்கு இன்னொரு குதிரையுமில்லை. கூட்டமாக வாழும் பிராணி அது. முரட்டுத்தனம் என்று புகாரில் எழுதியிருந்ததில் பாதிக்குமேல் நோயும் தனிமையும்தான்.

அடைத்து வை என்பதே இருப்பதில் இரக்கமான உத்தரவு. ஆனால் எங்கே அடைப்பது? 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவுப்படி, அசைய இடமில்லாத அடைப்பில் வைப்பதும் குட்டைக் கயிற்றில் நெடுநேரம் கட்டுவதும் குற்றம். தகரக் கொட்டகையிலேயே அடைத்தால் அந்தச் சட்டம் வரும். அடைக்காவிட்டால் உத்தரவை மீறிய குற்றம் வரும். அதே 11ஆம் பிரிவு, கட்டியே கிடக்கும் பிராணிக்கு நடைப்பயிற்சி தரவேண்டும் என்று சொல்வது நாய்க்கு மட்டும்தான். குதிரைக்கு அந்த வரி இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் குற்றவாளியாகும் நிலையில் ஒரு பெண்ணை நிறுத்தக்கூடாது, எப்படி அடைப்பது என்பதை உத்தரவே சொல்லவேண்டும் என்பதுதான் என் வாதம்.

கோட்டாட்சியர் பொறுமையாகக் கேட்டார். உத்தரவை உறுதிசெய்தார், ஆனால் ஊருக்கு வெளியே, ஆள் உயர வேலிக்குள், அவிழ்த்து விட இடமிருக்கும் நிலத்தில் என்று விவரமாக எழுதினார். வெளியே நடத்தினால் இரண்டு பேர் கூட இருக்கவேண்டும். பையனின் தகப்பனாரும் ஒப்புக்கொண்டார். பையனின் வைத்தியச் செலவைக் கொடுக்கச் சொல்லி யாரும் உத்தரவிடவில்லை. அந்தப் பெண் சலங்கைகளையும் ஜோடனைச் சேணத்தையும் விற்றுத் தாமாகவே கொடுத்தார்.

பல்லை ராவியபின் கடிப்பது நின்றது. தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் தோட்டத்தில் வேலிபோட இடம் தந்தார். ஆனால் தோட்டத்துக்கும் தறிக்கும் இரண்டு பஸ் மாறவேண்டும். காலையும் மாலையும் தீனி, தண்ணீர் வைக்க வேறு ஆளில்லை. நான் வாங்கிக் கொடுத்த உத்தரவு குதிரைக்கு இடம் சொன்னது. அந்தப் பெண்ணின் பிழைப்புக்கு வழி சொல்லவில்லை, அதற்கு அந்த அதிகாரமும் கிடையாது. கல்யாண வீடுகளிலிருந்தும் விழாக் குழுக்களிலிருந்தும் குதிரையின் கிழப்பருவத்துக்குக் காலணா கேட்க எந்தச் சட்டத்திலும் எனக்கு வழி கிடைக்கவில்லை. அவர் தறியை விட்டுவிட்டு, அதே தோட்டத்தில் களையெடுக்கும் கூலி வேலைக்குச் சேர்ந்துகொண்டார்.